ஒரே கிட்டாரில் எல்லாம் வாசிக்க எந்த பிக்கப் அமைப்பு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவர்கள் பலரிடம் இருப்பது ஒரே கிட்டார். ஞாயிறு காலை சர்ச்சுக்கும், மாலை ரிசப்ஷன் கச்சேரிக்கும், இடையில் ராக் பேண்ட் ஒத்திகைக்கும் அதுவேதான் போகிறது. அதனால் “எல்லாத்துக்கும் ஒத்துவர மாதிரி” பிக்கப் கேட்டு வருபவர்களின் சந்தேகங்களும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்ட பேச்சிலேயே கேள்விகளை வைத்திருக்கிறோம். மேலிருந்து கீழாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பியே நிற்கின்றன.

பிக்கப்னா என்ன, ஒரு வகை மைக்கா?

மைக் இல்லை. காந்தத்தைச் சுற்றி, தலைமுடியளவு மெல்லிய செம்பு ஒயரை ஏழாயிரம் எட்டாயிரம் சுற்று சுற்றினால் அதுதான் பிக்கப். ஒயரின் தடிமன் சுமார் 0.06 மி.மீ. காந்தத்தின் மேல் இரும்புக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது, ஒயரில் மிகச் சிறிய மின்னழுத்தம் பிறக்கிறது. அதனால்தான் நைலான் கம்பிக்கு இது வேலை செய்யாது. நீங்கள் கிட்டாருக்குப் பக்கத்தில் பேசினாலும் ஆம்பில் கேட்காது (கேட்டால் அது ஒரு கோளாறு, பிக்கப்பில் சுருளை அசையாமல் பிடிக்கும் மெழுகு சரியாக ஏறவில்லை என்று பொருள்).

பிக்கப் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது, அது என்ன பிக்கப் என்பதற்குச் சமமான விஷயம். பிரிட்ஜுக்கு (கிட்டார் உடம்பில் கம்பிகள் முடியும் இடம்) பக்கத்தில் கம்பியின் வீச்சு குறைவு. அங்கே ஒலி கூர்மையாக, மெலிந்து வரும். நெக் (கழுத்து) பக்கம் வீச்சு அதிகம், ஒலி உருண்டு வரும். ஒரே பிக்கப்பை இரண்டு இடத்திலும் வைத்துக் கேட்டால் வேறு வேறு பிக்கப் என்றே சத்தியம் செய்வீர்கள்.

எஸ்.எஸ்.எஸ்., எச்.எஸ்.எஸ்., எச்.எச்.னு போட்டிருக்கே, எந்தப் பக்கத்துல இருந்து படிக்கணும்?

எஸ் என்றால் சிங்கிள் காயில் (ஒரே சுருள்), எச் என்றால் ஹம்பக்கர் (இரண்டு சுருள்). எச்.எஸ்.எஸ். என்று போட்டால் பெரும்பாலும் பிரிட்ஜில் ஹம்பக்கர், நடுவிலும் நெக்கிலும் சிங்கிள் காயில். சிலர் இதையே தலைகீழாக எஸ்.எஸ்.எச். என்று எழுதுவார்கள். ஆன்லைனில் வாங்கினால் எழுத்தை நம்பாமல் படத்தைப் பாருங்கள்.

1954-ல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் எஸ்.எஸ்.எஸ். 1957 முதல் கிப்சன் லெஸ் பாலில் வந்தது எச்.எச். இன்று கடையில் தொங்கும் மற்ற அமைப்புகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒரே உடம்பில் சேர்க்கப் பார்க்கும் முயற்சிகள்தான்.

சிங்கிள் காயில் மட்டும் ஏன் உர்ருனு இரையுது?

அந்தச் செம்புச் சுருள் கம்பியின் அதிர்வை மட்டும் பிடிப்பதில்லை, வீட்டு மின்சாரத்தின் காந்தப்புலத்தையும் பிடிக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனோடு 100, 150 என்று மடங்குகளும் வரும். 50 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய ஜி சுரம். அமெரிக்க வீடியோக்களில் கேட்கும் 60 ஹெர்ட்ஸ் ஹம் நம்முடையதைவிடச் சற்று மேலே இருக்கும். ஆகவே உங்கள் கிட்டார் “வேற மாதிரி” இரைகிறது என்று பதற வேண்டாம்.

ஹம்பக்கரில் இரண்டு சுருள்கள். ஒன்றின் காந்தமும் சுற்றும் திசையும் மற்றதற்கு நேர்எதிர். கம்பியின் ஒலி இரண்டிலும் ஒரே பக்கம் சேர்ந்து கூடுகிறது, ஹம் எதிரெதிராக வந்து கழிகிறது. கிப்சனில் இருந்த சேத் லவர் இதற்கு 1955-ல் காப்புரிமை கேட்டார்.

வீட்ல ஹம் தாங்கல. பிக்கப்பை மாத்திட்டா போயிடுமா?

பாதி போகலாம், மீதி போகாமலும் இருக்கலாம். முதலில் எந்த வகை என்று பாருங்கள். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் அது மின்புலத்தால் வரும் “பஸ்”. கிட்டாரோடு மெல்லச் சுற்றித் திரும்பும்போது ஒரு திசையில் கூடி ஒரு திசையில் ஏறக்குறைய மறைந்தால் அது காந்தப்புல ஹம். முதல் வகைக்குப் பிக்கப் மாற்றத் தேவையில்லை. பிக்கப் குழி, கன்ட்ரோல் குழி, பிக்கார்டின் (பிக்கப்புகள் மாட்டியிருக்கும் முன்பக்கத் தகடு) அடிப்பக்கம் மூன்றிலும் செம்புத் தாள் டேப் ஒட்டி, எல்லாத் துண்டுகளும் ஒன்றோடொன்று மின்தொடர்பில் இருக்கின்றனவா என்று மல்டிமீட்டரில் பார்த்து, ஓர் இடத்தில் கிரவுண்டுக்குச் சேருங்கள். டேப்பின் பசையும் மின்சாரம் கடத்தும் வகையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு மடிப்பிலும் சோல்டர் வைக்க வேண்டிவரும். இரண்டாம் வகைக்கு இந்தத் தாள் எதுவும் செய்யாது. ஹம்பக்கர் வேண்டும், அல்லது அடாப்டர், டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்திலிருந்து எழுந்து தள்ளி உட்கார வேண்டும்.

கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடும்போது மட்டும் இரைந்தால் குற்றவாளி இன்வெர்ட்டர். சதுர அலை வகையாக இருந்தால் ஹம்பக்கரும் தப்பாது. ஃபேன் ரெகுலேட்டர், விளக்கு டிம்மர், மலிவான எல்.இ.டி. பல்பு, போன் சார்ஜர் என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

இன்னொன்று. பழைய வீடுகளில் மூன்று துளை சாக்கெட் இருக்கும், பின்னால் எர்த் ஒயர் இருக்காது. ஆம்பின் எர்த் முள்ளை உடைத்தோ, இரண்டு முள் அடாப்டர் போட்டோ ஹம்மைக் குறைக்கும் வழக்கம் மேடைகளில் இன்னும் இருக்கிறது. ஒரு கை கம்பியில், உதடு மைக்கில் என்று நிற்பவருக்கு அது உயிர் சம்பந்தப்பட்டது. மைக்கைத் தொட்டால் சுர்ரென்று அடிக்கிறது என்றால் வாசிப்பதை நிறுத்துங்கள், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

சுத்தி வளைக்காம சொல்லுங்க. எல்லாம் வாசிக்கணும், எது வாங்க?

எச்.எஸ்.எஸ். பிரிட்ஜ் ஹம்பக்கர் நடுத்தர சக்தியில், அதாவது அல்நிகோ 5 என்ற வகைக் காந்தத்தோடு, சுருளின் மின்தடை 8 கிலோ ஓம் அளவில் இருக்கட்டும்.

காரணம் இது. பல வகை இசை வாசிப்பவருக்குத் தேவைப்படுவது இருபது ஒலிகள் அல்ல, ஒன்றோடொன்று சாயல் இல்லாத மூன்று ஒலிகள். பவர் கார்டுக்கும் லீடுக்கும் கனமான பிரிட்ஜ். பாடகர் பாடும்போது அவர் குரலுக்குக் குறுக்கே போகாமல் பின்னால் நிற்கும் மெல்லிய கார்டுகள், அவை நடுவும் நெக்கும் சேர்ந்த நிலையில் கிடைக்கும். தனி சுரங்கள் பாடுவதற்கு உருண்டையான நெக். எச்.எஸ்.எஸ்.-ல் மூன்றும் ஒரு விரல் தள்ளும் தூரத்தில் இருக்கின்றன. மெல்லிசைக் கச்சேரியில் ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே கிடைப்பது சில நொடிகள்தான், அதற்குள் மினி ஸ்விட்ச் எதையும் தேடிக்கொண்டிருக்க முடியாது.

விதிவிலக்கும் உண்டு. மாலையில் முக்கால்வாசி நேரம் டிஸ்டார்ஷனில் இருப்பவருக்கு எச்.எச். சரி. ஃபங்க், கிளீன் ஆர்பெஜியோ என்று இருப்பவர் எஸ்.எஸ்.எஸ்.-லேயே இருக்கலாம். முந்தைய கேள்வியில் சொன்ன இரைச்சல் உங்கள் ஒத்திகை அறையின் நிரந்தர வாடகைதாரர் என்றால், பேரலல் வசதியுள்ள (அடுத்த பதிலில் வருகிறது) எச்.எச். எச்.எஸ்.எஸ்.-ஐ முந்திவிடும். குழப்பமாக இருந்தால் ஒரு வாரம் வாசிக்கும்போது ஸ்விட்ச் எந்த நிலையில் அதிகம் நிற்கிறது என்று கவனியுங்கள். பணத்தை அந்தப் பிக்கப்பில் போடுங்கள்.

எச்.எச். வாங்கி காயில் ஸ்ப்ளிட் போட்டா ஸ்ட்ராட் சவுண்ட் வந்துடும்ல?

வராது. ஸ்ப்ளிட் என்றால் ஹம்பக்கரைப் பிரித்து ஒரு சுருளை மட்டும் வேலை செய்ய விடுவது. ஒலி அந்தத் திசையில் கொஞ்சம் நகரும், அவ்வளவுதான். 8 கிலோ ஓம் ஹம்பக்கரைப் பிரித்தால் மிஞ்சுவது 4 கிலோ ஓம் சுருள். ஸ்ட்ராட் சிங்கிள் காயில் சுமார் 6. அதிலும் ஸ்ட்ராட்டில் ஒவ்வொரு கம்பிக்கும் கீழே நிற்பதே ஒரு காந்தத் தண்டு. ஹம்பக்கரில் நிற்பது இரும்புத் திருகு, காந்தம் அடியில் படுத்திருக்கிறது. எனவே பிரித்த ஒலி மெலிந்து, சத்தம் குறைந்து, மேடையில் காணாமல் போகிறது. போதாததற்கு ஹம்மும் திரும்பி வருகிறது.

இரண்டு மாற்று வழிகள். ஒன்று, வழக்கம்போல ஒன்றன்பின் ஒன்றாக (சீரிஸ்) இல்லாமல், இரண்டு சுருளையும் பேரலலாக, பக்கம் பக்கமாகச் சேர்ப்பது. ஹம் கழிவது அப்படியே இருக்கும், ஒலி தெளியும், சத்தம் ஸ்ப்ளிட் அளவுக்கு விழாது. மீட்டரில் பார்த்தால் 8 கிலோ ஓம் 2 ஆகக் காட்டும், பயப்பட வேண்டாம். இரண்டு, பாதி ஸ்ப்ளிட். சுருள்கள் சேரும் ஒயரை நேராகக் கிரவுண்டில் போடாமல், நடுவில் 2.2 முதல் 10 கிலோ ஓம் வரை ஒரு ரெசிஸ்டர் வைப்பது. இரண்டாம் சுருள் கொஞ்சம் கலந்து நிற்பதால் உடம்பு இருக்கும். 4.7-ல் ஆரம்பித்துக் காதால் முடிவு செய்யுங்கள்.

சீரிஸ், பேரலல், ஸ்ப்ளிட் மூணும் ஒரே ஸ்விட்ச்ல வருமா?

வரும். ஆறு கால் (ஒயர் பற்றவைக்கும் முனை), மூன்று நிலையுள்ள ஆன்-ஆன்-ஆன் வகை மினி டாகிள் வேண்டும். நடுவில் ஆஃப் இருப்பதை வாங்கி வந்துவிடாதீர்கள், வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஆனால் இரண்டு நிலை போதும் என்பதே எங்கள் எண்ணம். சீரிஸும் பேரலலும் வைத்தால் மூன்றாவதைத் தேடமாட்டீர்கள்.

அப்ப எச்.எஸ்.எச்.தானே எல்லாத்தையும்விட பெஸ்ட்? எல்லாமே இருக்கே!

காகிதத்தில் ஆமாம். ஐபனெஸ் ஆர்.ஜி. வகைக் கிட்டார்களில் இதைப் பார்க்கலாம். ஐந்து நிலை ஸ்விட்சின் (1 பிரிட்ஜ், 5 நெக்) 2, 4 நிலைகளில் ஹம்பக்கர் தானாகப் பிரிந்து நடுப் பிக்கப்போடு சேரும், ஸ்ட்ராட்டின் அந்த “குவாக்” ஓரளவுக்கு வரும்.

கையில் எடுத்தால் இரண்டு தொந்தரவு. நடுப் பிக்கப் சரியாகப் பிக் இறங்கும் இடத்தில் நிற்கிறது. ஆழமாக அடிப்பவர்களுக்கு டக் டக் என்று இடிக்கும். அதைக் கீழே இறக்கினால் 2, 4 நிலைகளில் அதன் பங்கு குறைந்து, எதற்காக எச்.எஸ்.எச். வாங்கினோமோ அதுவே கெடும். இரண்டாவது, நெக் சிங்கிள் காயிலின் மணி போன்ற தெளிவு இதில் கிடையாது. கிளீன் டோனுக்கு உயிர் கொடுப்பது அந்த நெக் சிங்கிள்தான். லீட் வாசிப்பது பிரதானம் என்றால் எச்.எஸ்.எச்., கார்டு வாசிப்பது பிரதானம் என்றால் எச்.எஸ்.எஸ். என்று வைத்துக்கொள்ளலாம்.

24 ஃப்ரெட் கிட்டார்ல நெக் பிக்கப் வேற மாதிரி கேக்குதே?

கேட்கும். கூடுதல் இரண்டு ஃப்ரெட்டுக்கு இடம் விட்டு நெக் பிக்கப் பிரிட்ஜ் பக்கம் தள்ளி உட்கார்கிறது. முதல் பதிலில் சொன்ன இட விஷயம்தான். அந்த உருண்டை குறையும். நெக் ஒலிக்காகவே கிட்டார் தேடுபவர் 21 அல்லது 22 ஃப்ரெட்டில் நிற்பது நல்லது.

16 கே பிக்கப் 8 கே-யைவிட டபுள் பவரா?

இல்லை. அந்த எண் கிலோ ஓமில் ஒயரின் மின்தடை, சக்தி அல்ல. மெல்லிய ஒயரைச் சுற்றினால் சுற்று கூடாமலே எண் கூடும். காந்தம் என்ன என்பதும் அதில் தெரியாது. ஒரே வகைப் பிக்கப்புகளை ஒப்பிட மட்டும் உதவும். ஸ்ட்ராட் சிங்கிள் 5.5–6.5, பழைய பாணி ஹம்பக்கர் 7–8.5, கனமான செராமிக் ஹம்பக்கர் 14–16 என்று நினைவில் வைத்தால் போதும். சுற்று கூடக் கூட நடுப்பகுதி தடிக்கும், மேல் ஒலி மங்கும். அதனால்தான் பல வேலை செய்யும் கிட்டாருக்கு 16 வேண்டாம் என்கிறோம். கிளீனில் அது போர்வை போர்த்தியது போல இருக்கும்.

நம் ஊருக்கு ஒரு குறிப்பு: செம்பின் தடை ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம் ஏறும். 20 டிகிரியில் 8.0 காட்டும் பிக்கப், ஏ.சி. இல்லாத அறையில் 36 டிகிரியில் 8.5 காட்டும். “டூப்ளிகேட் அனுப்பிட்டான்” என்று சண்டைக்குப் போவதற்கு முன் இதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

எச்.எஸ்.எஸ்.ல பிரிட்ஜுக்குப் போனா சத்தம் தூக்குது, நெக்குக்கு வந்தா அமுங்குது. பிக்கப் கோளாறா?

பெரும்பாலும் உயரம்தான் கோளாறு. கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு, கம்பியின் அடிக்கும் பிக்கப் தண்டின் மேலுக்கும் உள்ள இடைவெளியை அளங்கள். பிரிட்ஜ் ஹம்பக்கர் 1.6 மி.மீ., நெக் ஹம்பக்கர் 2.4 மி.மீ., சிங்கிள் காயிலுக்குத் தடித்த கம்பிப் பக்கம் 2.4, மெல்லிய கம்பிப் பக்கம் 2 என்று தொடங்குங்கள். அளவுகோல் இல்லையா? ஏ.டி.எம். கார்டின் தடிமன் 0.76 மி.மீ. இரண்டு கார்டு பிரிட்ஜுக்கு, மூன்று கார்டு நெக்குக்கு. காலாவதியான கார்டாக இருக்கட்டும், பிக்கப் காந்தம் கருப்புப் பட்டையை அழித்துவிடலாம்.

பிறகு சிங்கிள்களை அப்படியே வைத்துவிட்டு ஹம்பக்கரை மட்டும், திருகைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி இறக்குங்கள். சத்தம் கூடியதைச் சரிசெய்ய சிங்கிளை மேலே ஏற்றுவது தவறான பக்கம். காந்தம் கம்பியை இழுத்து, தடித்த கம்பியில் 12-ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் சுருதி தள்ளாடும், எந்த டியூனராலும் நிற்க வைக்க முடியாது. இவ்வளவு செய்தும் ஹம்பக்கர் அமுக்குகிறது என்றால் அது இந்தக் கிட்டாருக்கு அளவுக்கு மீறிய சக்தி.

வால்யூம் பாட் 250-ஆ, 500-ஆ?

பாட் என்பது குமிழுக்கு அடியில் உள்ள, திருப்பினால் மாறும் மின்தடை. சிங்கிளுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 என்பது பழக்கம். பாட்டின் மதிப்பு குறையக் குறைய மேல் ஒலி கிரவுண்டுக்குக் கசியும். எச்.எஸ்.எஸ்.-ல் ஒரே வால்யூம் என்பதால் 250 போட்டால் ஹம்பக்கர் மங்கும், 500 போட்டால் சிங்கிள் கீச்சிடும்.

தீர்வு: 500 பாட் போடுங்கள். ஸ்விட்சில் நெக் பிக்கப் வந்து சேரும் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு 470 கிலோ ஓம் ரெசிஸ்டரைப் பற்றவையுங்கள். கால் வாட் போதும், வளையங்கள் மஞ்சள், ஊதா, மஞ்சள். நெக் பிக்கப்புக்கு மட்டும் பாட் சுமார் 242 ஆகத் தெரியும், ஹம்பக்கர் தனியாக நிற்கும்போது 500-தான். நடுப் பிக்கப்புக்கும் இதையே செய்யலாம், ஆனால் 4-ஆம் நிலையில் இரண்டு ரெசிஸ்டரும் சேர்ந்து 160-க்கு இறங்கி ஒலி மந்தமாகும். நடுப் பிக்கப்பைத் தனியாக வாசிப்பவர்கள் குறைவு, ஆகவே நெக்குக்கு மட்டும் போடுவதே எங்கள் தேர்வு.

பார்ட்ஸ் ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்குமா, ஆன்லைன்தானா?

ரெசிஸ்டர், கெபாசிட்டர், மினி டாகிள், சோல்டர், மல்டிமீட்டர், கான்டாக்ட் கிளீனர் எல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்டிலேயே முடியும். கெபாசிட்டரில் 223 என்று இருந்தால் 0.022 மைக்ரோஃபாரட், ஹம்பக்கர் டோனுக்கு. 473 என்றால் 0.047, சிங்கிளுக்கு. எச்.எஸ்.எஸ்.-க்கு 223 போடுங்கள்.

பாட் வாங்கும்போதுதான் ஏமாறுவது. கடையில் சட்டென்று எடுத்துத் தருவது பி வகை, அதாவது நேர்கோட்டு வகை. வால்யூமுக்கு ஏ வகை வேண்டும். பி போட்டால் குமிழின் பெரும்பகுதியில் ஒன்றும் மாறாதது போல இருந்து, கடைசியில் பொத்தென்று விழும். தண்டு வழவழப்பா, பல் வெட்டியதா, உங்கள் குமிழ் எதற்குப் பொருந்தும் என்று பழைய பாட்டைக் கையோடு கொண்டுபோய்ப் பாருங்கள். அமெரிக்க அளவுப் பாட்டின் கழுத்து 9.5 மி.மீ. துளை கேட்கும், மலிவுக் கிட்டார்களின் துளை அதைவிடச் சிறியது. வாங்கும் இடத்திலேயே மீட்டரில் அளங்கள். 500 என்று எழுதியது 420 காட்டுவதும் உண்டு. ஐந்து நிலை கிட்டார் ஸ்விட்சையும் பிக்கப்பையும் இசைக்கருவிக் கடையிலோ ஆன்லைனிலோ தேடுவதுதான் வழி.

என்னோடது சாதா ஸ்ட்ராட் காப்பி. அதுல ஹம்பக்கர் உக்காருமா?

கம்பியைத் தளர்த்தி, பிக்கார்டின் திருகுகளைக் கழற்றி உள்ளே பாருங்கள். பல மலிவுக் கிட்டார்களில் மரத்தை ஒரே பெரிய தொட்டியாகவோ, ஹம்பக்கருக்கும் சேர்த்தோ குடைந்திருப்பார்கள். அப்படியென்றால் எச்.எஸ்.எஸ். வெட்டுள்ள புது பிக்கார்டு மட்டும் போதும். திருகுத் துளைகள் பொருந்துமா என்று பார்த்து வாங்குங்கள், 11 துளை என்றாலும் இடம் ஒரு மில்லிமீட்டர் தவறும்.

குழி சின்னதாக இருந்தால், தச்சரிடம் கொடுத்து உளியால் செதுக்குவதற்கு முன் சிங்கிள் அளவிலேயே வரும் ரெயில் ஹம்பக்கர்களைப் பாருங்கள். டிமார்சியோ, சீமோர் டங்கன் இரண்டிலும் உண்டு. அப்படியே மாட்டலாம், பிடிக்காவிட்டால் கழற்றலாம். முழு அளவு ஹம்பக்கர்தான் என்றால் “எஃப் ஸ்பேஸ்” அல்லது “டிரெம்பக்கர்” என்ற அகலமான வகையைக் கேளுங்கள். ஸ்ட்ராட் பிரிட்ஜில் கம்பிகள் 52 மி.மீ. அளவுக்கு விரிந்திருக்கும், கிப்சன் அளவு 50-ஐ ஒட்டியது.

புது ஹம்பக்கர்ல அஞ்சு ஒயர் இருக்கு. எது எங்க?

இதில் உலகப் பொது விதி இல்லை. கம்பெனிக்கு ஒரு நிறக் கணக்கு. சீமோர் டங்கனில் கருப்பு ஸ்விட்சுக்கு, சிவப்பும் வெள்ளையும் ஒன்றாகச் சேர்த்து டேப் சுற்றணும், பச்சையும் வெற்று ஒயரும் கிரவுண்டுக்கு. டிமார்சியோவில் சிவப்பு ஸ்விட்சுக்கு, கருப்பும் வெள்ளையும் சேரணும், பச்சையும் வெற்றும் கிரவுண்டுக்கு. ஒன்றின் படத்தைப் பார்த்து மற்றதை இணைத்தால்தான் “புது பிக்கப் டெட்” என்று போன் வருகிறது. மேலே வலை சுற்றிய ஒற்றை ஒயர் மட்டும் இருந்தால் அதில் ஸ்ப்ளிட், பேரலல் எதுவும் முடியாது.

2-ஆம் நிலையில மட்டும் ஹம்பக்கர் தானா பிரியணும். சூப்பர் ஸ்விட்ச் வாங்கணுமா?

வேண்டாம். சாதாரண ஐந்து நிலை ஸ்விட்சிலேயே இரண்டு வரிசைக் கால்கள் உண்டு. 1 பிரிட்ஜ், 5 நெக் என்று வைத்துக்கொள்வோம். முதல் வரிசை வழக்கம்போலப் பிக்கப்புகளுக்கு. இரண்டாம் வரிசையின் பொதுக் காலைக் கிரவுண்டுக்குக் கொடுங்கள், நடுப் பிக்கப்புக்கான காலில் ஹம்பக்கரின் சேர்ந்த ஜோடியை (முந்தைய பதிலில் டேப் சுற்றச் சொன்னது) பற்றவையுங்கள். 2-ல் ஹம்பக்கர் பிரிந்து நடுவோடு சேரும். 3, 4 நிலைகளிலும் அந்த ஜோடி கிரவுண்டைத் தொடும், ஆனால் அப்போது ஹம்பக்கர் வெளியே இருப்பதால் பாதகமில்லை. இரண்டாம் வரிசையை இதற்குக் கொடுத்துவிட்டதால் தனித்தனி டோன் போய், ஒரே பொது டோன்தான்.

2-ல் ஹம் கழியவில்லை என்றால், மிஞ்சி நிற்கும் சுருளும் நடுப் பிக்கப்பும் ஒரே காந்தப் பக்கம். அந்தப் பொதுக் காலைக் கிரவுண்டிலிருந்து எடுத்து, முதல் வரிசையில் ஹம்பக்கர் வந்து சேரும் காலில் கொடுங்கள். இப்போது மற்றச் சுருள் மிஞ்சும், ஹம் அடங்கும்.

ரெண்டு பிக்கப்பை சேர்த்தா சத்தம் மூக்கால பேசற மாதிரி ஒல்லியா ஆயிடுதே?

இரண்டும் எதிர்க் கட்டத்தில் இருக்கின்றன, அதாவது ஒன்றின் அலை ஏறும்போது மற்றதன் அலை இறங்குகிறது. வேறு வேறு கம்பெனிப் பிக்கப்புகளைக் கலந்தால் இது சகஜம். கேபிளைச் செருகி, மறுமுனையில் மல்டிமீட்டரை 20 கிலோ ஓம் நிலையில் பிடித்து, வால்யூம் முழுதாக வைத்து, ஒரு பிக்கப்பை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஸ்க்ரூடிரைவரைத் தண்டுகள் மேல் வைத்துச் சட்டென்று எடுங்கள். எண் ஒரு கணம் ஏறும் அல்லது இறங்கும். எல்லாப் பிக்கப்பும் ஒரே பக்கம் போக வேண்டும். முரண்டு பிடிக்கும் சிங்கிளின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றினால் தீர்ந்தது. உலோக மூடி உள்ளதாக இருந்தால் மூடியின் கிரவுண்டை முதலில் தனியாகப் பிரிக்க வேண்டும், இல்லையென்றால் மூடியே ஆன்டெனா ஆகிவிடும்.

கர்நாடக சங்கீதம் வாசிக்கிறேன். கமகத்துக்கு எது சரி?

மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் மின் மாண்டலினிலும், கிட்டார் பிரசன்னா எலெக்ட்ரிக் கிட்டாரிலும் காட்டிவிட்ட பிறகு முடியுமா என்ற கேள்வி இல்லை. பிக்கப் பக்கம் பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று, நாதம் நீடிக்க வேண்டும், ஆகவே காந்த இழுப்பு குறைவாக இருக்கணும். நெக் பிக்கப்பை நாம் சொன்ன அளவைவிட அரை மில்லிமீட்டர் கீழே இறக்குங்கள். இரண்டு, கம்பியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது அது காந்தத் தண்டை விட்டு விலகி, சிங்கிளில் ஒலி சற்றுச் சாயும். ரெயில் வகையில் நீளமான ஒரே தகடு என்பதால் சாயாது. எனவே நெக்கில் ரெயில் அல்லது மிதமான ஹம்பக்கர், வால்யூம் 7-ல், டோன் பாதி. பழைய பாணிச் சிங்கிளில் மூன்றாவது கம்பியின் தண்டு உயர்ந்து நிற்கும். அது சுற்றுள்ள தடித்த மூன்றாவது கம்பி இருந்த காலத்து அளவு. இப்போதைய வெறும் கம்பிக்கு அந்த ஒரு கம்பி மட்டும் கத்தும். சமமான தண்டுள்ள வகையைக் கேட்டு வாங்குங்கள்.

பெசன்ட் நகர்ல வீடு. பிக்கப் துருப்பிடிக்குதே?

உப்புக் காற்றும் வியர்வையும்தான். பழைய பாணிச் சிங்கிளில் ஒயரைக் காந்தத் தண்டின் மேல் நேராகவே சுற்றியிருப்பார்கள். துரு உள்ளே இறங்கினால் ஒயர் அறுந்து பிக்கப் மொத்தமாகச் செத்துப்போகும். வாசித்து முடித்ததும் கம்பியோடு சேர்த்துத் தண்டு முனைகளையும் உலர் துணியால் துடையுங்கள். பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். மூடியுள்ள பிக்கப் கடலோரத்துக்கு நல்லது.

ஸ்விட்ச், ஜாக் கரகரத்தால் கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு, பிறகு இருபது முறை முன்னும் பின்னும். தேங்காய் எண்ணெய் விடும் கைவைத்தியம் வேண்டாம், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஆக்டிவ் பிக்கப் போட்டா பிரச்சனையே இல்லையாமே?

ஹம் குறையும், நீள கேபிளிலும் ஒலி மங்காது. பதிலுக்கு 9 வோல்ட் பேட்டரி, 25 கிலோ ஓம் பாட் என்று எல்லாமே மாறும், சாதாரணப் பிக்கப்போடு கலப்பதும் சிரமம். கேபிளைச் செருகியபடியே விட்டால் பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும். மெட்டல் மட்டுமே வாசிப்பவருக்குச் சரி. இந்தப் பக்கத்தின் கேள்விக்கு அது விடையல்ல.

நான் லேப்டாப்ல ஆம்ப் சாஃப்ட்வேர் வெச்சுதான் வாசிக்கிறேன். பிக்கப் முக்கியமா?

முக்கியம், ஆனால் அதற்கு முன் இன்டர்ஃபேஸைப் (கிட்டாரை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) பாருங்கள். “இன்ஸ்ட்ருமென்ட்” பொத்தானை அழுத்தாமல் லைன் இன்புட்டில் செருகினால் பிக்கப்புக்கு 1 மெகா ஓமுக்குப் பதில் பத்து இருபது கிலோ ஓம்தான் தெரியும். மேல் ஒலி அத்தனையும் அங்கேயே அமுங்கும். பிக்கப்பைத் திட்டுபவர்களில் சிலருக்கு அந்தப் பொத்தானே மருந்து. கேபிளையும் 3 மீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் சேரும், நீளம் கூடினால் ஒலி மங்கும்.

கடையில வாங்கும்போது அஞ்சு நிமிஷத்துல எப்படி டெஸ்ட் பண்றது?

ஆம்பில் எஃபெக்ட் எல்லாம் அணைத்து, கிளீனில், குமிழ்களை நடுவில் வையுங்கள். ஒரே ஜி கார்டை ஐந்து நிலையிலும் ஒரே பலத்தில் அடியுங்கள். 2, 4 நிலைகளில் ஹம் குறைய வேண்டும். குறையாவிட்டால் நடுப் பிக்கப் மற்றவற்றுக்கு எதிரான காந்தமும் சுற்றும் உள்ள (எதிர்ச்சுற்று) வகை இல்லை, அல்லது 2-ல் ஹம்பக்கர் பிரியவே இல்லாமல் இருக்கலாம். வால்யூமை 10-லிருந்து 5-க்கு இறக்கி, ஒலி எவ்வளவு மங்குகிறது என்று கேளுங்கள். டிஸ்டார்ஷன் ஏற்றி, கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கி, ஆம்புக்கு நேரே ஓர் அடி தூரத்தில் நில்லுங்கள். விசில் போல வீறிட்டால் பிக்கப்பில் மெழுகு இல்லை. கடைசியாகக் கேபிள் முனையை ஜாக்கில் மெல்ல ஆட்டுங்கள். கரகரத்தால் ஜாக்கை மாற்றித் தரச் சொல்லிவிட்டு விலை பேசுங்கள்.